முப்பத்தேழு பவுண்டு

— அசையாதே வெர்லின். தராசுல நம்பர் ஆடுது.

— மூச்சு விடலாமா ஒலீட்டா அக்கா, இல்ல அதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?

— விடு, மெதுவா விடு. ரேஸ்ல எப்படி உக்காருவியோ அப்படியே உக்காரு. தம்பியாச்சேன்னு எல்லாம் தராசு பார்க்காது.

— உக்காந்தாச்சு தாயே.

— நாலு சக்கரத்துக்கு அடியிலயும் தராசு சரியாத்தான் இருக்கு. ஆனா கூட்டிப் பார்த்தா உதைக்குது. போன வருஷம் உன்னையும் சேர்த்து மூவாயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு. இப்ப முப்பத்தேழு பவுண்டு கம்மி.

— நல்லதாப் போச்சு. எழுபதாம் வருஷத்து செவர்லே வண்டி, இந்த வயசுல இளைச்சா யாருக்கு நஷ்டம்? இன்னும் வேகமா ஓடும்.

— எங்க இளைச்சதுன்னு தெரியாம ஸ்பிரிங்கை எப்படி அமைக்கிறது? பேட்டரியை மாத்தினியா?

— இல்லியே.

— பின் தொட்டியில பாரத்துக்குன்னு போட்ட இரும்புப் பாளம்?

— நீ முறுக்கின போல்ட்டு அது. யானை வந்தாலும் அசையாது.

— பெட்ரோல்?

— கழுத்து வரைக்கும்.

— சரி, அதை அப்புறம் தேடறேன். வலது பின் ஸ்பிரிங்குக்குள்ள இருக்கிற காத்துப்பையை முதல்ல பார்க்கணும். போன ஞாயித்துக்கிழமை, முதுகு வலின்னு சொல்லி என்னை டெஸ்ட்டுக்கு ஓட்டச் சொன்னியே, பச்சை விளக்கு எரிஞ்சதும் வண்டி வலப்பக்கம் இழுத்துச்சு.

— இழுத்துச்சா? சுவருக்கு முத்தம் குடுக்கப் போச்சு! அதைவிடக் கொடுமை, அக்காவும் தம்பியும் ஏன் சர்ச்சுக்கு வரலைன்னு பாஸ்டர் என்னைப் புடிச்சுக்கிட்டார்.

— விளையாடாதே. இன்ஜின் முறுக்கும்போது வலது பின் சக்கரத்துல பாரம் குறையுது. அது சும்மா சுத்துது, இடது மட்டும் தள்ளுது. பையில இன்னும் அஞ்சு பாயிண்ட் காத்து ஏத்தறேன், ரெண்டும் சமமாத் தள்ளும்.

— வண்டியோட மூக்கு?

— முன்பக்க ஷாக் அப்சார்பரை ரெண்டு சுத்து தளர்த்தியாச்சு. மூக்கு எழுந்தாத்தான் பாரம் பின்னாடி போகும், டயர் தரையைக் கவ்வும். ஆமா, மதியம் ஏன் மீனைப் பாதியில வெச்சே?

— எந்த மீன்?

— கெளுத்தி. வறுத்த கெளுத்தியை நீ மிச்சம் வெச்சு நான் பார்த்ததே இல்ல.

— உப்பு அதிகம்.

— சீட்டோட இடுப்புவாரை ஏன் அவ்வளவு தூரம் இழுத்துக் கட்டியிருக்கே? அதோட வால் முழங்கால் வரைக்கும் தொங்குது. வெர்லின், என்னைப் பாரு.

— வண்டியில எதையும் கழட்டலை அக்கா. குறைஞ்சது நான்தான்.

— எத்தனை நாளா?

— ஏப்ரல்லேர்ந்து. வயித்துல ஒரு கட்டி. டல்சா ஆஸ்பத்திரியில காட்டினேன், பதினெட்டாம் தேதி எடுக்கறாங்க. வேற எங்கயும் பரவலைன்னு சொல்லிட்டாங்க. முகத்தை அப்படி வெச்சுக்காதே.

— என் முகமே இப்படித்தான். வேற யார்கிட்ட சொன்னே?

— யார்கிட்டயும் இல்ல. உன்கிட்ட சொல்றதுக்கே இத்தனை மாசம் ஆச்சு.

— அறிவு கெட்டவனே. வயித்துல கட்டியை வெச்சுக்கிட்டா இந்த வாரை இறுக்கிக் கட்டிட்டு உக்காந்திருக்கே? அவிழ்த்துட்டு இறங்கு.

— டாக்டரும் இதையேதான் சொன்னார். ரேஸ் மட்டும் கூடவே கூடாதாம்.

— வண்டியை மூடி வெப்போம். நாளைக்கு ரேசுக்குப் போகவேண்டாம். ரேஸ் ஆபீசுக்கு போன் போட்டு உன் பேரை எடுக்கச் சொல்றேன்.

— நேத்தே எடுத்துட்டாங்க. வேற பேரு குடுத்தாச்சு. நீ சொன்னபடியே காத்துப்பையில காத்தை ஏத்து. ஓட்டறவங்க எடையை மட்டும் நூத்தி ஐம்பத்தொண்ணுன்னு போட்டுக்கோ, ஹெல்மெட்டோட சேர்த்து.

— நூத்தி ஐம்பத்தொண்ணா? எந்த நோஞ்சான்கிட்ட குடுத்தே? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஸ்பானரை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு தெரியாதவன் எவனாவது இதுல ஏறினா நான் டயரைக் கழட்டிட்டுப் போயிடுவேன்.

— பத்தொன்பது வருஷமா இந்த வண்டிக்கு அடியிலயே படுத்துக் கிடந்தவளுக்குத்தான் குடுத்தேன். ஏறி உக்காரு அக்கா, நம்பரை நான் படிக்கிறேன்.