முடிக்கு ஒரு மாத்திரை

ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஊசியைப் பார்க்க மாட்டார்கள், மின்விசிறியைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் உண்மை வந்துவிடும். கையில் பட்டையை இறுக்கிக்கொண்டே நான் எல்லோரிடமும் கேட்பேன்: "முடிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? அப்போ கொஞ்ச நாள் நிறுத்திட்டு வாங்க." எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அந்தக் கேள்வியைத் தொடங்கி வைத்தவளே நான்தான் ஐயா.

காரணம் அழகானது. பி12 சத்தை இயந்திரம் நேராக அளப்பதில்லை. ஒரு நாற்காலிப் போட்டி நடத்துகிறது. குழாய்க்குள் கொஞ்சம் நாற்காலிகள். நோயாளியின் சத்தும், நாம் சேர்க்கிற ஒளிரும் சத்தும் இடம்பிடிக்க முண்டும். பிறகு குட்டி மணிகளின் கொக்கிகள் நாற்காலிகளைப் பிடித்துக்கொள்ள, மிச்சத்தைக் கழுவிவிடுவோம். வெளிச்சம் அதிகம் என்றால் ஒளிர்வதே நிறைய உட்கார்ந்திருக்கிறது. நோயாளியிடம் சத்து குறைவு. இருட்டு என்றால் குறையே இல்லை. முடி மாத்திரையில் உள்ள பயோட்டின் முந்திப்போய் அந்தக் கொக்கிகளை அடைத்துக்கொள்ளும். நாற்காலிகள் உட்கார்ந்தவர்களோடு சேர்ந்து கழுநீரில் போய்விடும். ஒரே இருட்டு. இயந்திரம் பாவம், சத்து நிறைவு என்று அச்சடிக்கும்.

அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அக்கா. தையல்காரி. அவள் மிதித்த மிதியில்தான் நான் படித்தேன். பொத்தான் கடைக்காரர் அவளைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்கு அழைத்துப்போக விரும்பினார்.

"கேக்கிறாருடி. போகட்டுமா?" என்றாள், ஊசியைப் பல்லில் கடித்தபடி.

"தாராளமா போ. நான் என்ன கைக்குழந்தையா?"

"ஆமா. கழுதை வயசாகியும் உப்பு டப்பா எங்கேன்னு கேக்கிற கைக்குழந்தை."

அந்தச் சமயம் கூடத்தில் பி12 பரிசோதனைக்குப் புதிய கரைசல் வந்தது. அதைச் சோதிக்க எங்கள் வீட்டாரின் ரத்தத்தை எடுப்பது வழக்கம். அக்காவுடையதை ஓட்டினேன். பி12 அடிமட்டத்தில் இருந்தது. சிலர் உடம்பு உணவிலிருந்து அதை எடுத்துக்கொள்ளாது. ஊசி போட்டால் தீர்ந்துவிடுகிற விஷயம். சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அவளே வந்து சொன்னாள். "ஒரு செருப்பு கழண்டதே தெரியலடி. ஒத்தச் செருப்போட கடைத்தெருவையே சுத்திட்டு வந்திருக்கேன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

முடியும் கொட்டுகிறது என்றாள். மாத்திரை வாங்கிவந்தேன், மட்டமானது இல்லை, நல்லதாக. தினமும் என் உள்ளங்கையிலிருந்து எடுத்து விழுங்குவாள். மருத்துவர் பரிசோதனை எழுதினார். நான்தான் ரத்தம் எடுத்தேன். அவளிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? பரிசோதனை முடிவில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. மருத்துவர் சந்தேகப்பட்டு வேறு கூடத்துக்கும் அனுப்பினார். அங்கேயும் அதே வகை இயந்திரம். "ரத்தத்துல ஒரு குறையும் இல்லம்மா, கழுத்து நரம்பா இருக்கும்" என்றார்.

நரம்பு மின்கம்பி மாதிரி. அதன் மேலுறை இந்தச் சத்தை நம்பித்தான் இருக்கிறது. உரியத் தொடங்கியதும் கவனித்தால் மீண்டும் வளரும்; காலம் கடந்தால் வளராது. அந்த எல்லை எனக்குத் தெரியும். அது கடந்துபோவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அவள் பாதத்தைத் தேய்த்துவிட்டபடி.

முதலில் ஊசி விரலுக்கு அகப்படவில்லை. பிறகு பொத்தான். பிறகு சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. கடைக்காரர் வந்தபோது அவளேதான் மறுத்தாள்: "சொந்த ஜாக்கெட்டுக்கே கொக்கி மாட்டத் தெரியாதவளை வச்சு என்ன பண்ணுவீங்க? போயிட்டு வாங்க." அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

புதிதாக வந்த மருத்துவர் என் கேள்வியையே அவளிடம் கேட்டிருக்கிறார். "என் தங்கச்சி கையாலதான் தருவா டாக்டர், ஒருநாள்கூடத் தவறினதில்ல" என்று பெருமையாகச் சொன்னாளாம்.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் கொடுத்தேன். தெரிந்தேதான் ஊசியைப் போடாமல் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. அவளைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரமாகிவிட்டது. பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?