மாவுக்கட்டு ஊறும் நேரம்

அம்மா: இழுக்காதீங்க! ஊறட்டும். மாவுக்கட்டு அவ்வளவு சீக்கிரம் இளகாது.

அப்பா: தண்ணி ஆறிப்போச்சு. கொஞ்சம் வெந்நீர் விடட்டுமா?

அம்மா: விடுங்க... மெதுவா!

அப்பா: பாப்பாவைப் பாரேன். குளிப்பாட்டுறோம்னு நினைச்சுச் சிரிக்கிறா.

அம்மா: ஆஸ்பத்திரியில புதுக் கட்டு போடும்போது தெரியும், அந்தச் சிரிப்பு.

அப்பா: முனை கிடைச்சிருச்சு! நான் பிரிச்சுக்கிட்டே வரேன், நீ தொடையைப் பிடிச்சுக்க... ஏய், இங்க பாரு.

அம்மா: என்ன?

அப்பா: பாதம்! பிறந்தப்போ உள்பக்கமா மடங்கிக் கிடந்துச்சே... பாதி நேரா வந்துடுச்சு.

அம்மா: அட ஆமா... என் கண்ணே! பச்சைக் குழந்தை கால், வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா திருப்பினா சொன்ன பேச்சு கேக்கும்னு டாக்டர் சொன்னாரே.

அப்பா: இது யாரும் எதுவும் செஞ்சதால வர்றதில்லைன்னும் சொன்னாரு.

அம்மா: ம்...

அப்பா: அப்புறம் ஏன் தையல் மிஷினை மூடியே வச்சிருக்க?

அம்மா: வயித்துல பிள்ளையோட மாசக்கணக்கா மிதிச்சேனே. அதனாலதான் இவ கால் மடங்கிச்சுன்னு மாடி வீட்டு அக்கா சொல்றது சரிதான்.

அப்பா: அவங்க கிடக்கிறாங்க!

அம்மா: வேணாங்க. மிஷினை யாருக்காவது கொடுத்துடலாம்.

அப்பா: கொடுக்கிறதா? அது உன் உயிராச்சே... மிஷினால இல்லம்மா.

அம்மா: பின்ன?

அப்பா: என் இடது கால் மெலிஞ்சிருக்கே... சின்ன வயசுல சைக்கிள் சக்கரத்துல மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன்ல?

அம்மா: ஆமா.

அப்பா: சைக்கிளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நானும்... இவளை மாதிரிதான் பிறந்தேன். சில குடும்பத்துல வழிவழியா வரும்னு டாக்டர் சொன்னாரு. என்கிட்டருந்துதான்...

அம்மா: அதனால?

அப்பா: திட்டிடு.

அம்மா: உங்க பேன்ட்டெல்லாம் யாரு தைக்கிறது?

அப்பா: நீதான். இப்ப எதுக்கு அது?

அம்மா: இடது கால்ல உள்பக்கம் தடவிப் பாருங்க.

அப்பா: ...என்னது, இங்க துணி ரெண்டு அடுக்கா இருக்கு?

அம்மா: கெண்டைக்கால் மெலிஞ்சது வெளிய தெரியக் கூடாதுன்னு, கல்யாணமான புதுசுலருந்து அப்படித்தான் தைக்கிறேன். சக்கரத்துல மாட்டின காலுக்கு ஒரு தழும்புகூடவா இருக்காது? இவ பிறந்த அன்னிக்கே மிச்சமும் புரிஞ்சுபோச்சு.

அப்பா: தெரிஞ்சுமா மிஷினைக் கொடுத்துடலாம்னு சொன்ன?

அம்மா: அப்படியாவது வாயைத் திறப்பீங்களான்னு பார்த்தேன்.

அப்பா: அடிப்பாவி! அப்ப மாடி வீட்டு அக்காகிட்ட ஏன் ஆமா ஆமான்னு தலையாட்டின?

அம்மா: எதையாவது கைகாட்டினாத்தான் அவங்க வாய் அடங்கும். மிஷின் இரும்பு, பழியைத் தாங்கிக்கும். நீங்க தாங்குவீங்களா? ...அழாதீங்க, பிள்ளை பார்க்கிறா.