கோல்பியின் இரண்டு துப்பாக்கிகள்

துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் எதை வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு தலையசைப்பு மட்டுமே. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் முப்பத்தொரு வருடமாகத் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன். மாவட்ட வார இதழில் துப்பாக்கி ஒப்பீடும் எழுதுகிறேன். இந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் மோசமானது என்று பெரிதாக எதுவும் இல்லை. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா போகும், அடுத்தது தானே ஏறி நிற்கும். மிச்சமெல்லாம் அவரவர் விருப்பம்.

என் மருமகன் கோல்பி இதை ஒத்துக்கொள்ளமாட்டான். அவனிடம் இரண்டு இருந்தன. ஒன்று பெரிய தொழிற்சாலையில் செய்தது. வெடித்த வாயு நேராகப் பின்னால் வந்து இயந்திரத்தை இயக்கும். எடை குறைவு, ஆனால் உள்ளே சீக்கிரம் கரி படியும். மற்றது பக்கத்து மாநிலமான ஐடஹோவில் நாலு பேர் வேலை செய்யும் பட்டறையில் செய்தது. அதில் வாயு ஒரு சிறிய தண்டைத் தள்ளும், தண்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். சுத்தமாக இருக்கும், ஆனால் முன்பக்கம் கனக்கும். எது மேல் என்பதுதான் எங்களுக்குள் ஓயாத வழக்கு.

போன ஜனவரியில் என் மகள் டெலியா, கோல்பியின் மனைவி, இறந்தாள். நிலக்கரிச் சுரங்கத்தில் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த கோல்பி, காரை நான் ஓட்டுகிறேன் என்று அவள் கேட்டும் கொடுக்காமல் தானே ஓட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். இதை எனக்குச் சொன்னதும் அவன்தான். பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்து எழுந்தவன் என்னிடம் முதலில் பேசியது அதைத்தான்.

மார்ச்சில் இரண்டு துப்பாக்கிகளையும் கடைக்குக் கொண்டுவந்தான்.

"மாமா, வீட்டு அலமாரியில ஈரம் ஏறுது. கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் மாப்ள."

எங்கள் ஊரில் மழையே அபூர்வம். மனது சரியில்லாதவர்கள் அப்படிச் சொல்லித்தான் துப்பாக்கியைக் கடையில் விட்டுப் போவார்கள். காரணம் கேட்கக் கூடாது. திரும்பக் கேட்டு வரும்போது முகத்தைப் பார்ப்பேன். முகம் சரியில்லையென்றால், பெட்டகத்துச் சாவி வெர்னாவிடம் இருக்கிறது, சனிக்கிழமை வா என்பேன். என் மனைவி வெர்னா இறந்து ஒன்பது வருடமாகிறது. அது ஊருக்கே தெரியும். இதுவரை யாரும் என்னைத் திருத்தியதில்லை.

கோல்பி ஏப்ரலில் ஒருமுறை கேட்டான். ஜூனில் மறுபடி வந்து, என் கண்ணைப் பார்க்காமல் கேட்டான்.

"சாவி வெர்னாகிட்ட இருக்குடா."

கவுண்டரைப் பிடித்துக்கொண்டான். "சரி மாமா. அத்தைய கேட்டதா சொல்லுங்க."

சனிக்கிழமை வந்தான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். நான் காபி போட்டு வைப்பேன். இரண்டையும் மேசையில் கிடத்தி, விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடங்குவோம்.

"முன்னாடி கனமா இருந்தாத்தான் மாமா குலுங்காது. உங்க கைக்கு வயசாயிடுச்சு, அதான் தூக்க முடியல."

"நாலு பேர் பட்டறை. அதுல ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா உதிரி பாகத்துக்கு எங்கடா போவ?"

"சரி, குறி பாக்க மேல மாட்டியிருக்கிற ஸ்கோப்பையாவது நல்லதுன்னு ஒத்துக்குங்க."

"அந்த விலைக்கு ஒரு குதிரை வாங்கலாம். நீ தூங்கிட்டாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.

அந்த வழக்குதான் அவனை ஒரு சனியிலிருந்து அடுத்த சனிக்குக் கடத்திக்கொண்டிருந்தது. இது எனக்குத் தெரியும். அதனால்தான் நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒருவர் தன் துப்பாக்கியோடு வந்தார். விளக்கு, லேசர், முன்பிடி, இரண்டு கால் தாங்கி, மூன்று வகைத் தோள்வார் என்று கடையில் இருந்ததையெல்லாம் அதில் மாட்டச் சொன்னார். அவர் போனதும் கோல்பி, "இன்னும் காபி கப்பு வைக்க ஒரு இடம்தான் பாக்கி மாமா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். வாய் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் தேறிவிடுவான் என்று எனக்கு அப்போது புரிந்தது. இன்னும் இரண்டு வருடம் போனால் வேறொருத்தியைக் கல்யாணம்கூடச் செய்துகொள்வான். எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் எதையும் செய்கிற ஆள் இல்லை நான்.

அக்டோபரில் கோல்பி, டெலியாவின் கல்யாண நாள் வியாழக்கிழமையில் வந்தது. அதற்கு முன்தினம் இரண்டு துப்பாக்கிகளையும் சுடும் மைதானத்துக்குக் கொண்டுபோய் முறையாகச் சுட்டுப் பார்த்தேன். நூறு கஜத்தில் ஐடஹோ துப்பாக்கியின் ஐந்து தோட்டாத் துளைகளையும் ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம். எண்ணெய் போட்டுத் துடைத்தேன். மறுநாள் காலையில் கோல்பியைப் போனில் கூப்பிட்டேன்.

"நீ சொன்னதுதான்டா சரி. ஐடஹோதான் மேல். வந்து எடுத்துட்டுப் போ."

"இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டுமே மாமா."

"இங்க இடமில்ல மாப்ள."

வந்தான். சவரம் செய்திருக்கவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. பெட்டகத்தைத் திறந்து, ஐடஹோ துப்பாக்கி இருந்த உறையைக் கவுண்டரில் வைத்தேன்.

"உனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணு இருக்கு. அன்னிக்கு டெலியா உடனே போகல. நாப்பது நிமிஷம் உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா."

"தேங்க்ஸ் மாமா" என்று சொல்லிவிட்டு உறையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் ஷெரீஃபின் ஆள் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "நேத்து கோல்பிகிட்ட வித்தியாசமா ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

"இல்லப்பா. சந்தோஷமாத்தான் இருந்தான். வழக்குல ஜெயிச்சிட்டான்ல."

அதை எழுதிக்கொண்டார். அடக்கத்தன்று கோல்பியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு நீங்கதான் அப்பா மாதிரி இருந்தீங்க" என்றாள். நான் மறுக்கவில்லை. அவனுடைய பொருளை அவனிடம் கொடுத்தேன். எந்தச் சட்டத்திலும் அதற்குத் தண்டனை கிடையாது.

டெலியா யாரையும் கூப்பிடவில்லை. மோதிய கணத்திலேயே போய்விட்டாள், வலிகூடத் தெரிந்திருக்காது என்று டாக்டர் ஜனவரியிலேயே என்னிடம் சொன்னார். பையன் கண் விழித்ததும் முதல் வேலையாக அவனிடம் இதைச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால்தான் நம்புவான் என்றும் சொன்னார்.