காலை மட்டும் வைக்காதே

தேநீரில் பாலை இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றியிருக்கலாம், ஐயா. பரவாயில்லை, காவல் நிலையத்துத் தேநீர் அப்படித்தான் இருக்கும்.

முதலில் அந்தக் குல்பாரம் அம்மாளை வீட்டுக்கு அனுப்புங்கள். அவள் தன் பங்க்கில் தண்ணீர் கலந்த பெட்ரோலை விற்றாள், அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குப் போகும் வழியில் உறைந்து சஞ்சரின் கார் கிளம்பவில்லை, அவன் குளிரில் விறைத்துச் செத்தான் என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். அவள்மேல் எனக்கு இரக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதே பங்க்கில், அதே குழாயில்தான் நானும் என் கேனை நிரப்பினேன். என் வண்டி ஓடியது. இதைக்கூட யோசிக்காத ஆளுக்கு நிபுணர் என்று பெயர். தலை நரைக்கும்வரை கார் மெக்கானிக்காக இருந்தவன் நான். இப்படி ஒரு தப்பான காரணத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் நானாக வந்தேன்.

சஞ்சர் என் சகலை. என் மனைவியின் தங்கையைப் போன வசந்தத்தில் கட்டியவன். கைபேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டால் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைக்கிற ரகம். இலையுதிர் காலத்தில் தன் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தான். பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறது என்றான். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டேங்கில் சேரும் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் சின்ன வால்வு ஒன்று மூடாமல் நின்றுவிட்டது. டேங்க் நிரம்பி வழிந்தால் ஆவி மொத்தமும் எஞ்சினுக்குள் போய் அதற்கு மூச்சு முட்டிவிடும். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் போதும், காற்று புகுந்து கிளம்பிவிடும். சொல்ல வாயெடுத்தேன்.

“விடுங்க சகலை, வீடியோல பார்த்துட்டேன். பேட்டரிதான். இது உங்க காலத்து வண்டி இல்ல” என்று எஞ்சின் மூடியை அவனே சாத்தினான்.

புது பேட்டரி வாங்கி மாட்டிக்கொண்டான். கேட்க மாட்டேன் என்கிறவனிடம் போய்க் கத்துவது என் வழக்கமில்லை.

பிறகு மாமனார் வீட்டில் குளிர்கால இறைச்சிக்குக் குதிரை வெட்டினார்கள், கூடவே ஓர் ஆட்டையும் அறுத்து விருந்து வைத்தார்கள். எங்கள் கஜாக்குகளில் ஆட்டின் நெஞ்சுக்கறி மருமகனுக்குரியது என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அது என் தட்டில்தான் விழுந்தது. அன்று மாமனார் அதைச் சஞ்சரின் தட்டில் வைத்தார். எனக்கு ஒரு கழுத்தெலும்பு வந்தது.

“பார்த்துக் கடிங்க சகலை, அது வேகாத எலும்பு. உங்க பல்லு தாங்குமா?” என்றான் சஞ்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் போன்றவர்கள் எதையாவது காரணமாகப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பீர்கள். கறிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

மறுநாள், கறியை உப்பிட்டுப் பக்குவப்படுத்த மனைவிமாரை அங்கேயே விட்டுவிட்டு, நானும் அவனும் ஆளுக்கொரு வண்டியில் திரும்பினோம். பாதி வழியில் ஓர் இடிந்த ஆட்டுப்பட்டி இருக்கிறது. அந்தத் தடத்தில் பங்க் கிடையாது. போகிற வருகிற எல்லோரும் பட்டிச் சுவரின் மறைவில் நிறுத்தித்தான் கேனைக் கவிழ்ப்பார்கள். அந்தக் குளிரில் எவனும் எஞ்சினை அணைக்க மாட்டான். சஞ்சர் அணைத்தான்.

“ஓடுற வண்டியில ஊத்தினா வெடிச்சிடும் சகலை. இதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?”

நான் அவன் கேனை வாங்கி ஊற்றினேன். விளிம்புவரை வந்ததும் காரைப் பிடித்துக் குலுக்கினேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், குலுக்கினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். நான் மறுபடியும் குலுக்கினேன், மறுபடியும் ஊற்றினேன். இந்தக் காருக்கு அது ஆகாது என்று தெரிந்துதான் ஊற்றினேன்.

சாவியைத் திருப்பினான். பேட்டரி புதிது, எஞ்சின் நன்றாகவே சுற்றியது. கிளம்பவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

“அண்ணே, என்ன பண்ணட்டும்? சொல்லுங்கண்ணே.”

சகலை போய் அண்ணன் வந்துவிட்டது. வடக்கே வானமும் தரையும் ஒன்றாக வெளுத்துக்கொண்டிருந்தன. புயல் வருகிறது என்று எனக்குப் புரிந்தது, அவனுக்குப் புரியவில்லை.

“ஒண்ணுமில்லடா தம்பி, பெட்ரோல் ஜாஸ்தியா போயிருக்கு. ஆக்சிலேட்டர்ல காலை மட்டும் வச்சுடாத, எஞ்சினே போயிடும். அப்பப்ப சாவியைத் திருப்பிப் பாரு. நான் ஊருக்குப் போய் இழுக்கக் கயிறு கொண்டு வரேன்.”

“நானும் உங்ககூட வந்துடட்டுமா?”

“காரை விட்டுட்டு வந்தா காலையில நாலு சக்கரமும் இருக்காது. அப்புறம் உன் இஷ்டம்.”

காரைத் திரும்பிப் பார்த்தான். இருந்துவிட்டான். கயிறு என் வண்டியில், மாமனார் கட்டிக்கொடுத்த குதிரைக்கறிக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன், கறியைத் தூக்கி மாட்டினேன், தேநீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அந்தப் பட்டியில் கைபேசி எடுக்காது. புயல் ஓய்ந்த பிறகு, பனி தள்ளுகிற வண்டிக்காரர்கள்தான் அவனைப் பார்த்தார்கள்.

இதைக் கொலை என்று எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிழைக்க அவன் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் என் பேச்சை மீறுவது ஒன்றுதான். பிறந்ததிலிருந்து எவன் பேச்சையும் கேட்காதவனுக்கு அது என்ன பெரிய வேலையா? ஒரு தடவை மிதித்துப் பார்த்திருக்கலாம். கண்டெடுத்தபோது இரண்டு கால்களையும் சீட்டின்மேல் மடித்து வைத்துக் கட்டிப்பிடித்திருந்தானாம், தப்பித்தவறிக்கூட மிதியில் பட்டுவிடக் கூடாது என்பதுபோல. அன்றைக்கென்று பார்த்துக் கேட்டிருக்கிறான். அதற்கு நான் என்ன செய்ய?

ஏழாம் நாள் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். கொழுந்தியாள் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமனார் நெஞ்சுக்கறியை எடுத்து, யாருக்கு வைப்பது என்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் தட்டில் வைத்தார். அவருக்கு இப்போது மருமகன் நான் ஒருவன்தானே.

நன்றாக வெந்திருந்தது, ஐயா. எலும்பில் ஒட்டிய கொழுப்புவரை விடாமல் சாப்பிட்டேன்.