தண்ணி குடிக்கிற மீன்

செம்மேட்டிலிருந்து மலையிறங்கும் காலைப் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவள் தாய்மாமனும். மீன் படிப்புப் படிக்க அவள் தூத்துக்குடி போகிறாள். மாமன் மடியில் மலை ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய கேன்.

“கடல் மீனுதானுங்க மாமா தண்ணி குடிக்கும். ஆத்து மீனு குடிக்காதுங்க.”

“தண்ணிக்குள்ளயே கெடக்கறது எப்படிக் குடிக்காம இருக்கும்?”

“ஆத்து மீனு ஒடம்புக்குள்ள தண்ணி தானா ஏறிருமுங்க. அதை மூத்திரமா விட்டுக்கிட்டே இருக்கும். கடல் உப்பு, மீனு ஒடம்புத் தண்ணிய உறிஞ்சிருமுங்க. அதனால அது கடலைக் குடிச்சு, உப்பைச் செவுள் வழியா வெளிய தள்ளிரும்.”

“அதுக்குச் செவுள் இருக்குது. நீ மலைத்தண்ணில வளந்தவ கண்ணு. கீழ இருக்கற உப்புத் தண்ணி ஒனக்குச் சேராது. கேனை வாங்கிக்க.”

“விலாங்கும் ஆத்துல வளந்துதான் கடலுக்குப் போவுதுங்க. ஆத்துல உப்பை உள்ள இழுத்த அதே செவுளு, கடல்ல உப்பை வெளிய தள்ளும். அதோட மாமன் என்ன கேன் தூக்கிட்டுப் பின்னாலயா போறாரு?”

அடிவாரத்தில் பேருந்து நின்றதும் அவள் இறங்கிப்போய், சாலையோரக் குழாயில் கை குவித்துக் குடித்தாள். முகம் கோணியது.

ஜன்னல் வழியே மாமன் கேட்டார்: “உப்புத்தானே கண்ணு?”

“உப்புத்தானுங்க” என்றவள், மறுபடியும் கை குவித்துக் குடித்தாள்.