அப்பா அன்று காப்பி குடிக்கவில்லை

என் பெயர் பூங்குழலி. வயது பதினாறு. தகப்பனார் பெயர் தனசேகரன், தாயார் பெயர் நாகலட்சுமி. எங்கள் வீடு கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்ற பகுதியில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறினால் கடைசி வீடு. செம்மேட்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா நாமக்கல் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அம்மா அவருடன் இருக்கிறார், அதனால் இப்போது அம்மாவின் அண்ணன் சின்னுசாமி மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன். மாமா மிளகுத் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து ஆள் வைத்துப் பறிப்பவர். அவர் வீட்டில் மிளகு மூட்டை அடுக்கிய அறையில்தான் எனக்குப் படுக்கை. அங்கே உட்கார்ந்துதான் யாருக்கும் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

இன்று ஏட்டு சுமித்ரா அக்கா விசாரிக்க வந்தார். என்னிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மாமா பதில் சொன்னார். "புள்ள பேசட்டுங்க" என்று அக்கா இரண்டு முறை சொன்னார். அப்படியும் மாமா நிறுத்தவில்லை. மாமா சொன்னதை எழுதிய தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதன் பிறகு அக்கா என்னிடம், "நாளைக்கு வாரேன் கண்ணு. வாயில வரலைன்னா எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன்.

மாமா கொடுத்திருக்கும் புகார், செம்மேட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் தில்ஷாத் பேகம் அக்கா கெட்டுப்போன மாத்திரையை விற்றார், அதைச் சாப்பிட்டுத்தான் அப்பா ரத்தவாந்தி எடுத்தார் என்பது. இது பொய். அந்த மாத்திரையை வாங்கும்போது நான் கூட இருந்தேன்.

தை மாதம் மிளகுப் பறிப்பு தொடங்கியபோதே அப்பாவுக்கு நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் இருந்தது. செம்மேட்டில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமிப்ரசோல் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். சீட்டை எடுத்துக்கொண்டு பேகம் அக்கா கடைக்குப் போனோம். ஜீப் மாமாவுடையது என்பதால் அவரும் வந்தார். பேகம் அக்கா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இத அப்படியே முழுங்கோணும், மெல்லக்கூடாது, பிரிச்சுப் போடக்கூடாது. காலைல வெறும் வயித்துல போட்டுட்டு, அரை மணி நேரத்துல கண்டிப்பா சாப்பிடோணும். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல நீங்களா வாங்கிப் போடாதீங்க" என்று சொன்னார். அதன் பிறகு அப்பாவைப் பார்த்து, "உடம்பு வலிக்குன்னு மாத்திரை ஏதாவது போடறீங்களாங்க?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா, "அதெல்லாம் ஒன்னும் கெடையாதுங்கம்மா, சீக்கிரம் குடுங்க" என்று சொன்னார். எனக்கு அன்று அந்தக் கேள்வி எதற்கு என்று தெரியவில்லை.

அதன் பிறகு வந்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால், மரத்தடியில் சிந்தும் மிளகு பொறுக்க அப்பாவுடன் போனேன். மிளகு பறிப்பவர்கள் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. வயிறு நிறைந்திருந்தால் ஒற்றை மூங்கில் ஏணியில் ஏற முடியாது, இடுப்பில் பையைக் கட்டினால் அழுத்தும் என்பார்கள். வரக்காப்பி மட்டும் குடித்துவிட்டு ஏறி, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் இறங்கிச் சாப்பிடுவார்கள். காப்பியோடு ஆளுக்கொரு வெள்ளை மாத்திரையை மாமா ஒரு ஊறுகாய் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதை அன்றுதான் பார்த்தேன். கை கால் வலி தெரியாமல் ஏறுவதற்காம். அப்பாவும் வாங்கிப் போட்டார்.

நான் மாமாவிடம், "பேகம் அக்கா இதத்தானுங்க மாமா கேட்டாங்க, அப்பாவுக்குக் குடுக்காதீங்க" என்று சொன்னேன். மாமா சிரித்தார். "அடேய், டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடா" என்றார். ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அப்பாவோடு மிளகு பறிக்கும் யுவராஜ் அண்ணன் நிஜமாகவே எழுந்து நின்று கும்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதன் பிறகு மாமா, "உங்கப்பன்தான் கேஸ் மாத்திரை போடறானே கண்ணு. வயித்துக்குள்ள சிமெண்டு பூசுன மாதிரி. இனி அவன் ரெண்டு போட்டாக்கூட ஒன்னும் ஆவாது" என்று சொல்லி, அப்பாவின் கையில் இன்னொரு மாத்திரையை வைத்தார். அன்றிலிருந்து மற்றவர்களுக்கு ஒன்று, அப்பாவுக்கு இரண்டு.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பேகம் அக்கா கடைக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் மற்ற ஆட்களை நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "கேப்சூல் போடறதால எரிச்சல்தான் தெரியாம போகும் சாமி. அந்த வலி மாத்திரை உள்ள புண்ணாக்கறது நின்னுடாது. அதுவும் வெறும் வயித்துல. உடனே நிறுத்தச் சொல்லு, டாக்டருகிட்டக் கூட்டிட்டு வா. வரக்காப்பியும் வேண்டாம். வெளிக்கிக் கருப்பா, தார் மாதிரிப் போனாலோ, வாந்தி காப்பித்தூள் மாதிரி வந்தாலோ ஒரு நிமிசம் வீட்டுல வெச்சிருக்காதீங்க, அது ரத்தம்" என்று சொன்னார். விற்றதோடு சரி என்று இருப்பவர் இப்படிச் சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "காப்பி என்ற கையில இருக்குது சாமி, நாளையிலிருந்து உட்டுடறேன். மாத்திரை மாமன் கையில இருக்குது. வேண்டாம்னா ஏணியில வேற ஆளு ஏறிருவான்" என்றார். டாக்டரிடம் போவதைப் பறிப்பு முடிந்ததும் பார்க்கலாம் என்றார். சொன்னபடி காப்பியை விட்டுவிட்டார். காலையில் கேப்சூலைச் சுடுதண்ணீரில் விழுங்கிவிட்டுப் போவார். ஆனால் அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டிய சோறு, உச்சி வெயில் வரை தூக்குப்போசியில் அப்படியே இருந்தது.

போன சனிக்கிழமை நானும் தோட்டத்தில் இருந்தேன். அப்பா ஏணியில் பாதி ஏறியதும் நின்றார். கண்ணை இருட்டுகிறது என்று சொல்லி இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கருப்பாகப் பொடிப்பொடியாக வந்தது. மாமா வந்து பார்த்துவிட்டு, "குடிச்ச காப்பியக் கக்கிட்டான், வேற ஒன்னுமில்ல. செத்த நேரம் உக்காரு மாப்ள" என்றார். மற்றவர்களும் வரக்காப்பிதான் என்றார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லோரும் குடித்திருந்தார்கள்.

நான், "அப்பா இன்னைக்குக் காப்பி குடிக்கலீங்க மாமா" என்று சொன்னேன். "சும்மா இரு" என்றார். மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "அப்பா காப்பியே குடிக்கறதில்லீங்க. அது ரத்தமுங்க. ஜீப்ப எடுங்க." மாமா என்னை மூட்டை கட்டப் போகச் சொன்னார். நான் போகவில்லை. அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் நெற்றி குளிர்ந்திருந்தது. அதன் பிறகு அப்பா மறுபடியும் வாந்தி எடுத்தார். இந்த முறை சிவப்பாக வந்தது. அப்போதுதான் யுவராஜ் அண்ணன் மாமாவின் சட்டைப்பையிலிருந்து சாவியை அவராகவே எடுத்து ஜீப்பை ஓட்டினார். மலையிறங்கும் வளைவுகளில் அப்பாவின் சட்டையைக் கழற்றி வேறு போர்த்தினோம். அந்தச் சட்டை என்னிடம்தான் இருக்கிறது. துவைக்கவில்லை. அதன் பையில் மீதி கேப்சூல் அட்டை இருக்கிறது. அதில் போட்டிருக்கும் காலாவதித் தேதி அடுத்த வருடம். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று மாமா போலீசில் சொல்லியிருக்கிறார். அவர் தூக்கிப் போடவில்லை. அவர் கைக்கு அது வரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொன்னார்கள். நேற்று அம்மா போனில் பேசும்போது, ரத்தம் நின்றுவிட்டது, அமிலத்தைக் குறைக்கும் மருந்தை ஊசி வழியாக ஏற்றுகிறார்கள், வீட்டுக்கு வந்த பிறகும் கேப்சூலாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். வலி மாத்திரையைத்தான் தொடவே கூடாது என்றார்களாம். பேகம் அக்கா விற்ற, அமிலத்தைக் குறைக்கும் மருந்துதான் அப்பாவின் வயிற்றைக் கெடுத்தது என்றால், பெரிய ஆஸ்பத்திரியில் ஏன் அதையே கொடுத்து அவரைப் பிழைக்க வைக்கிறார்கள்? மாமாவிடம் இதைக் கேட்டேன்.

பதிலுக்கு வேறு சொன்னார். "அந்தம்மா கீழ ஊருக்காரி. கடையப் பூட்டிட்டுப் போயிருவா. நான் இங்கதான் இருப்பேன். நீ சொல்றதப் பொறுத்துத்தான் உன்ற படிப்பும்" என்றார். அத்தை பக்கத்தில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. என் புத்தகப்பையை மாமா பரண்மேல் போட்டுவிட்டார். இந்தத் தாள் மிளகு மூட்டைக்கு விலை எழுதும் தாளின் பின்பக்கம். அதற்கு மன்னிக்கவும்.

பேகம் அக்கா கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. மாமா ஆட்களைக் கூட்டிப் போய் ஷட்டரை இறக்கினார். அக்காவைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் கையெழுத்து விழுந்தால் அவர் மீது வழக்கு ஆகிவிடும் என்று மாமாவே போனில் யாரிடமோ சொன்னார். அந்தக் கையெழுத்தை நான் போட மாட்டேன். அடித்தாலும் போட மாட்டேன்.

வெள்ளை மாத்திரை இருக்கும் ஊறுகாய் டப்பா, நான் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இதே மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை ஜீப்பில் இங்கே திருப்பி அனுப்பிய அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே மாமா அதைக் கொண்டு வந்து வைத்ததைப் பார்த்தேன். நான் அதைத் தொடவில்லை, நகர்த்தவும் இல்லை. நீங்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். அதை அவர் எங்கே வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதவில்லை.

நாளை சுமித்ரா அக்கா கேட்கும்போது மாமா எனக்கு முன்னால் பேசத் தொடங்குவார். மருந்துக்கடையில் அப்பாவுக்குப் பதில் பேசியது போலவே பேசுவார். அப்போது நான் இந்தத் தாளை நீட்டுவேன். நான் வாயால் சொல்லாததால் இது பொய் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒரு வரி கூட இதில் இல்லை. யாரும் படித்துக் காட்டவில்லை. நானே படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
த. பூங்குழலி