நடுவில் வைத்த குறி

பெஞ்சு போட்டது நல்லதாகப் போயிற்று, சார். கொஞ்ச நேரம் நின்றாலும் வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சின்ன வயதில் நைனாவோடு கல்குவாரியில் சம்மட்டி போட்ட கை. எந்தத் தைலத்துக்கும் மசியாது. மழைக்கு முன்னால் மட்டும் வலி கொஞ்சம் கூடும். இன்றைக்குக் கூடியிருக்கிறது. சாயந்திரம் மழை வரும், பாருங்கள்.

பனமலை அன்புமணி இந்த ஸ்டேஷனுக்கு வந்து, தன்னைப் பிடித்து உள்ளே போடச் சொன்னாராம். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டு விட்டிருக்கிறீர்கள். நடந்தது விபத்து, அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நீங்கள் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் வெளியே வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் தம்பி எழில். அவர் தோளில் அவன் கை கிடந்தது. அதைப் பார்த்த பிறகு முழுசாகவே சொல்லிவிடலாம் என்று பட்டது.

எனக்குப் பலூன் சுடுகிற கடை. ராஜாராம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, பலூன்காரர் என்றால் காட்டுவார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர், மற்ற நாளில் செஞ்சிக் கோட்டைக்குப் போகிற ரோட்டோரம். ஒரு பலகை, அதில் வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு மேசை, மேசைமேல் துப்பாக்கிகள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். இதில் எது நல்ல துப்பாக்கி? நான் ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். நல்லது எதுவும் கிடையாது, சார். குழாய் நுனியில் குறி பார்க்கிற சின்ன முள் ஒன்று இருக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் அந்த முள்ளைக் குறடால் கொஞ்சம் திருப்பித்தான் வைத்திருப்பார்கள். நேராக இருந்தால் எல்லாப் பலூனையும் உடைத்துவிட்டுப் போய்விடுவார்களே. எது எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பது கடைக்காரனுக்கு மட்டும் தெரியும்.

பலூன் கட்டுகிற வேலை எழிலுக்கு. பழைய துப்பாக்கி எல்லாம் நடுவில் மடக்குகிறவை. ஒரு குண்டு போட்டால் ஒரு முறைதான் சுடும். பிறகு நான் வாங்கி மடக்கி, அடுத்த குண்டு போட்டு, நிமிர்த்திக் கொடுக்க வேண்டும். நிமிர்த்தும்போது கடக்கென்று ஒரு சத்தம் வரும். டப்பென்று வெடி கேட்டால் துப்பாக்கி காலி என்று அர்த்தம். எழில் பலகைக்குப் போய் உடைந்த இடத்தில் வேறு பலூன் கட்டுவான். கடக்கென்று கேட்டால் விலகிவிடுவான். சுடுகிறவனை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். நான்தான் அப்படிப் பழக்கினேன். கூட்டத்தில் கண்ணை நம்பாதே, காதை நம்பு என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அத்தனை வருஷத்தில் அவன்மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அம்மா போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். நைனா குவாரித் தூசியிலேயே இருமிப் போய்ச் சேர்ந்தார். அவனைக் குளிப்பாட்டினது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, காலேஜில் விட்டது எல்லாம் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் அவனுக்குச் சோறு போடும்போது கையைச் சுருக்கினால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு. ஊரில் எல்லாரும் அவனிடம் சொல்வார்கள், உங்க அண்ணனுக்கு நீ பட்டிருக்கிற கடனை இந்த ஜென்மத்தில் தீர்க்க முடியாது என்று. நான் மறுக்க மாட்டேன்.

போன வருஷம் அவன் போலீஸ் செலக்‌ஷனில் எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணினான். ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் முடித்துவிட்டான். மெடிக்கல் மட்டும் பாக்கி. காலையில் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரம் வரைக்கும் ஓடிவிட்டு வேர்த்துப்போய் வருவான்.

"அண்ணா, டிரெயினிங் முடிஞ்சதும் குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. நீயும் வந்துடு. கடைய தூக்கிப் போடு" என்றான் ஒருநாள்.

"நான் அங்க வந்து இன்னா பண்றது?"

"சும்மா உக்காரு. நான் சல்யூட் அடிக்கிறேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், பிற்பாடு வேறு யாராவது சொல்லி நீங்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடாது. அவன் வயதில் நானும் அதே செலக்‌ஷனுக்குப் போனேன். மார்பு அளக்கும்போது மூச்சை எவ்வளவு இழுத்தும் போதிய அளவு விரியவில்லை. குவாரி மூச்சு. அளந்தவர், போய் நல்லா சாப்பிட்டு வா என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் யோசித்தது ஒன்றுதான். டிரெயினிங்குக்குப் போகிறவன் திரும்பி வர மாட்டான். இந்தப் பலூன் கடையிலிருந்து வந்தேன் என்று சொல்லக்கூட அவனுக்கு வாய் வராது. அங்கே அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மெடிக்கலில் கண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று அவனே சொல்லியிருந்தான்.

சென்னைக்குப் போய்த் துப்பாக்கி பார்த்தேன். மடக்க வேண்டாத ரகம். கைப்பிடிக்குள் சின்னதாக ஒரு கேஸ் சிலிண்டர் போட்டு, குண்டுகளை மொத்தமாக ஏற்றிவிட்டால் விசையை அழுத்த அழுத்தச் சுட்டுக்கொண்டே இருக்கும். கடைப் பையன் பிஸ்டல்களாக எடுத்துக் கண்ணாடிமேல் பரப்பினான்.

"இத எடுத்துக்கணா. சுட்டா மேல்பாடி சட்டுனு பின்னாடி போயி வரும். சினிமா மாதிரியே இருக்கும். பசங்க உயிர உடுவானுங்க."

"ஆடாதது காட்டு."

"ஆடாதது சவம் மாரி கெடக்கும்ணா. கெத்தே இருக்காது."

"பரவால்ல. காட்டு."

ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று சுட்ட பிறகு உள்ளே அடுத்த குண்டு திரும்புகிற சத்தம் கேட்டது. வேண்டாம் என்றேன். ஒன்று நல்ல கனம், பிடிக்கிறவன் கை நடுங்கும், அதுவும் வேண்டாம். கடைசியில் ஒரு கறுப்புப் பிஸ்டல். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சுட்ட பிறகும் சுடாததுபோலவே இருந்தது. அத்தனை வருஷத் தொழிலில் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போன துப்பாக்கி அது ஒன்றுதான். நல்ல வேலைப்பாடு.

பழைய குவாரிப் பள்ளத்தில் வைத்து முள்ளைத் திருப்பினேன். நடுவில் குறி வைத்தால் வலது ஓரத்தில் போய் அடிக்கிற மாதிரி. பலகையின் உயரத்துக்குக் கல் அடுக்கி, அதன்மேல் முலாம்பழம் வைத்துப் பார்த்தேன். எழில் உயரமானவன். பலூன் கட்டும்போது பலகைக்குப் பின்னாலிருந்து அதன்மேல் குனிவான், முகம் பலூனுக்கு நேராக வரும். கண்ணில்தான் படும் என்று உறுதியில்லை. கன்னத்தில் பட்டிருந்தால் அடுத்த அமாவாசை வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இல்லை. அன்புமணி மாசாமாசம் சம்சாரத்தோடு வருவார். ஏரிப் பாசனத்தில் நிலம், மாடு கன்று, நல்ல குடும்பம். குடிக்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார். கையில் கொஞ்சமும் குறி கிடையாது. ஆனால் பலகை நடுவில் இருக்கிற சிவப்புப் பலூனைத் தவிர வேறு எதையும் சுட மாட்டார். தப்பினால் ஆத்திரத்தில் உடனே அடுத்தது சுடுவார். குடிகாரனிடம் கொடுத்திருந்தால் உங்களுக்கு முன்னால் இருந்த ஐயா நாலு கேள்வி கேட்டிருப்பார். இவரைக் கேட்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு அமாவாசை, சாயந்திரம் மேல்மலையனூரில் நல்ல கூட்டம். பம்பைச் சத்தம், ஸ்பெஷல் பஸ் ஹாரன், யாரோ ஒரு பொம்பளை சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தாள். எழில் மேசைமேல் புதுப் பிஸ்டலைப் பார்த்துவிட்டு, "இத எப்டிண்ணா லோடு பண்றது?" என்று கேட்டான்.

"அத நான் பாத்துக்கறேன். டப்புனு கேட்டா நீ போய் கட்டு. எப்பவும் போலத்தான்."

அன்புமணியும் அவர் சம்சாரம் சுமலதாவும் வந்தார்கள்.

"சீக்கிரம் சுட்டுட்டு வாங்க. போன மாசமும் செவப்பு செவப்புனு நின்னு பஸ்ஸ உட்டோம்" என்றது அந்தம்மா.

"அண்ணே, உங்களுக்காவே செவப்ப பெருசா ஊதி வச்சிருக்கேன். பூசணிக்கா மாரி இருக்குது பாருங்க. இதையும் உட்டீங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான் எழில்.

"இவரு குறி தெரியாதா தம்பி. பக்கத்து வூட்டுப் பொண்ண பாக்க வந்துட்டு என்ன கட்டிக்கினு போனவரு."

எல்லாரும் சிரித்தோம். நான் பிஸ்டலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் சிவப்பில் வைத்துச் சுட்டார். வலது ஓரத்து மஞ்சள் பலூன் உடைந்தது. எழில் பாக்கெட்டிலிருந்து பலூனை எடுத்து ஊதிக்கொண்டே ஓரத்துக்குப் போனான்.

"நடுவுல வச்சா ஓரத்துல போவுதே" என்றார்.

"உடாதீங்க. இன்னொண்ணு அடிங்க. இதுல மடக்கற வேலையே இல்ல."

"தம்பி நிக்குதேப்பா."

அவர் காதுப் பக்கம் போய்ச் சொன்னேன். "அவன் ஓரத்துல நிக்கிறான். நீங்க நடுவுலதான வக்கறீங்க."

சரிதானே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுபடி சிவப்பில் வைத்தார்.

எழில் கத்தவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். "கரண்டு போச்சாண்ணா?" என்று கேட்டான். அப்படித்தான் கேட்டான். நான் போய் அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சின்னப் பிள்ளையில் தூக்கின மாதிரி மேலே சாய்ந்துகொண்டான். சிவப்புப் பலூன் அப்படியே இருந்தது.

முள்ளை நிமிர்த்த ஒரு நிமிஷம் போதும். வண்டி பிடிக்க எல்லாரும் ஓடினபோது நிமிர்த்திவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அன்புமணி வராந்தாவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நான் நடுவுலதான் வச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அவரே அதைச் சொல்வதை விட்டுவிட்டார். அதன் பிறகு எங்கேயோ கை தவறியிருக்கும் என்று அவரே நம்ப ஆரம்பித்தார். அவர் சொன்னது நிஜம், சார். நடுவில்தான் வைத்தார். அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. எழில் காலையில் ஓடப் போவதில்லை. பூட்ஸை நான் பரண்மேல் போட்டுவிட்டேன். ஒரு கண்ணில் தூரம் பிடிபடாமல், டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் கீழே ஊற்றுவான். நான் ஊற்றிக் கொடுப்பேன். "நீ இல்லன்னா நான் இன்னாண்ணா பண்ணியிருப்பேன்" என்பான். வீட்டில் சத்தமே கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். அவ்வளவுதான் நான் வேண்டினது.

அன்புமணிதான் விடவில்லை. அமாவாசைக்கு அமாவாசை வேர்க்கடலை, நெல் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் கண் டாக்டரிடம் போய், தன்னுடைய வலது கண்ணை எடுத்து எழிலுக்கு வைக்கச் சொல்லியிருக்கிறார். உயிரோடு இருக்கிற ஆளிடம் எடுக்க மாட்டோம், எடுத்தாலும் முழுக் கண்ணை மாற்ற முடியாது என்று டாக்டர் திட்டி அனுப்பியிருக்கிறார். அதை எழில் என்னிடம் சொல்லும்போது இருந்த ஒரு கண்ணிலும் தண்ணீர் வந்தது. "பெத்தவங்க கூட செய்ய மாட்டாங்கண்ணா" என்றான். நான் அவனுக்குச் செய்ததற்கெல்லாம் அவன் ஒருநாளும் அழுததில்லை.

பனமலையில் பால் சொசைட்டியில் அவனுக்கு ஒரு வேலை பார்த்துவிட்டாராம். தங்குவதற்கு அவர் வீட்டிலேயே ஒரு அறையாம். அந்தம்மா சமைத்துப் போடுமாம். வருகிற வாரம் போகிறானாம். அவரை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், இப்போது அண்ணா என்கிறான்.

பார்த்தீர்களா, சார். அவர் ஒரு கடனை அடைப்பதாக நினைத்து இதெல்லாம் செய்கிறார். எழிலும் அதை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் போகிறான். அடைக்க அவருக்கு என்ன இருக்கிறது? துப்பாக்கியை எடுத்தது நான். முள்ளைத் திருப்பினது நான். சுடச் சொன்னது நான். அவர் விரல் மட்டும்தான் அவருடையது.

எழிலை உள்ளே கூப்பிட்டு இதை நீங்களே சொல்லுங்கள். என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. கோபப்படுவான். படட்டும். கேட்பதற்காகவாவது என் முகத்தைப் பார்க்க வருவான். கொடுக்க வேண்டியவன் இங்கே இருக்கும்போது, வாங்க வேண்டியவன் பனமலைக்கு எப்படிப் போவான்? இத்தனை நாள் அவன்தான் எனக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று ஊர் சொன்னது. இப்போது மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ராஜாராம் தன் தம்பி எழிலுக்கு ஒரு வலது கண் பாக்கி.